தண்ணி வரும் நாளில் வீடு காட்டினேன்

வாடகை வீட்டைக் காலி செய்கிறவர்கள்தான் அதை அடுத்து வரப்போகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டவும் வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் வீட்டுக்காரம்மா கற்பகவல்லி விருதுநகரில் மகனோடு இருக்கிறார். முட்டி வலியால் சிவகாசிக்கு பஸ் ஏற முடிவதில்லை. ஆனி மாதம் பிறந்ததும் போன் செய்தார்.

"மாரிசெல்வி, நீ படிச்ச புள்ள. வீடு பாக்க வர்றவகளுக்கு நீயே காட்டிரு. நல்ல குடும்பமா இருந்தா எனக்குப் பேசச் சொல்லு."

"சரிம்மா."

"ஆடியில வீடு இருட்டாக் கிடக்கக் கூடாது. அதுக்கு முன்னாடி ஆள் வரணும். இல்லேன்னா நீதான் சாயங்காலமா வந்து விளக்குப் போட்டுட்டுப் போகணும், சொல்லிட்டேன். அப்புறம், கம்பெனி ஆளுக வேண்டாம் தாயி. மருந்து வாடை, சுவரெல்லாம் கறை. உங்களைச் சொல்லல. நீங்க வேற."

அதற்கும் சரி என்றுதான் சொன்னேன். போனை வைத்த பிறகு, எதற்குச் சரி என்றேன் என்று நெடுநேரம் யோசித்தேன். என் அம்மா வேலுத்தாய் நான் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷத்திலிருந்து பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறாள். புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்தும் வேலை. அப்பா முனியராஜ் வீட்டுக்காரம்மாவின் குடும்ப அச்சகத்தில் மிஷின் ஓட்டியவர். அந்தப் பழக்கத்தில்தான் இந்த வீடு எங்களுக்குக் கிடைத்தது. 'நீங்க வேற' என்றால் அப்பாவைச் சொல்கிறாரா, எங்கள் எல்லோரையும் சொல்கிறாரா என்று டைரியில் எழுதிவைத்தேன். பதில் எழுதவில்லை.

டைரியும் என் வேலை இடத்தில் கிடைத்ததுதான். நான் பகலில் காலண்டர் அச்சடிக்கும் வேறொரு அச்சகத்தில் ஆர்டர் எழுதும் வேலை பார்க்கிறேன், மாலையில் டேலி என்னும் கணினிக் கணக்கு வகுப்புக்குப் போகிறேன். பைண்டிங்கில் தவறிப்போய் மார்ச் மாதம் இரண்டு முறை வந்துவிட்ட டைரி அது. விற்பனைக்கு ஆகாது என்று எனக்குக் கொடுத்தார்கள்.

நாங்கள் காலி செய்வது சொந்த வீட்டுக்கு. பைபாஸுக்கு அந்தப் பக்கம் கட்டியிருக்கிறோம். வெளிச்சுவருக்கு வண்ணம் அடிப்பது மட்டும் பாக்கி. அம்மா அதை வெறுமனே 'வீடு' என்று சொல்வதே இல்லை. 'நம்ம வீடு' என்றுதான் சொல்வாள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஆளிடம்கூட. ஆடியில் யாரும் குடி போக மாட்டார்கள் என்பதால், ஆனியின் கடைசி நல்ல நாளான ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சுவது என்று முடிவாகியிருந்தது. அதற்குள் வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு குடும்பம் பிடித்துக் கொடுக்க வேண்டும்.

ஒரு நாளைக்கு ஒரு குடும்பம் என்று வைத்துக்கொண்டேன். இரண்டு குடும்பம் ஒரே நேரத்தில் வந்தால், ஒருவர் சொல்லும் குறையைக் கேட்டு மற்றவரும் போய்விடுவார் என்று பயம். நான் வேலை முடிந்து வந்து வகுப்புக்குக் கிளம்பும் முன் உள்ள நேரத்துக்கு வரச் சொன்னேன். வீடு முழுவதும் சாக்கு மூட்டையும் பாத்திரமுமாக இருந்தது. அட்டைப் பெட்டிகளைச் சுவரோரம் அடுக்கி, நடக்க ஒரு வழி விட்டேன். அப்படியும் எல்லோரும் எதிலாவது இடித்துக்கொண்டார்கள்.

முதலில் வந்தவர் ஓய்வு பெற்ற ஒருவர். கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்துகொண்டு சமையல்கட்டுக்குள் போனார்.

"அடுப்பு கிழக்குப் பார்த்து இல்லையே."

"இத்தனை வருசமா கெளக்கப் பாத்து நின்னுதான்யா சோறாக்குறேன்," என்றாள் அம்மா. "நீங்க போனைத் திருப்பிப் பிடிங்க."

அவர் திருப்பிப் பிடித்தார். சரியாகிவிட்டது. ஆனால் ஆவணியில்தான் வருவேன் என்றார்.

அடுத்து வந்த அம்மாள் அறைகளைப் பார்ப்பதற்கு முன் அடுப்பில் இருந்த சட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். "கருவாடா? வாசம் தெருமுனைக்கே வந்துச்சு." அம்மா ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தாள். அவர் கூடத்தில் நின்று சாப்பிட்டுக்கொண்டே சுவரைத் தடவினார். ஜன்னலுக்குக் கீழே ஒரு இடம் மட்டும் வெள்ளியாக மினுங்கும். வேலை முடிந்து வந்ததும் அம்மா அங்கேதான் சாய்ந்து உட்காருவாள். எத்தனை முறை கழுவினாலும் கழுத்திலும் முடியிலும் ஒட்டியிருக்கும் அலுமினியப் பொடி கொஞ்சம் கொஞ்சமாகச் சுவருக்குப் போய்விட்டது.

"இது என்ன மினுக்கு?" என்றார் அந்த அம்மாள்.

"மருந்து. கம்பெனி மருந்து," என்றாள் அம்மா.

"ஓ," என்று விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டார். குழம்பை மட்டும் மிச்சம் வைக்கவில்லை. அவரும் ஆவணி என்றார்.

மறுநாள் அச்சகத்திலிருந்து ஒரு பெரிய மாதக் காலண்டரைக் கொண்டுவந்து அந்த இடத்தில் மாட்டினேன். அம்மா வந்து பார்த்தாள்.

"எதுக்குடி அதை அங்கன மாட்டியிருக்க? உக்காந்து பாக்கவா?"

"கறை தெரியாம இருக்கட்டும்னு."

"களவாண்டு வச்சதா அது, மூடி வைக்க? கழத்து."

கழற்றிவிட்டேன். யார் செய்தது சரி என்று அன்றைக்கு எனக்குத் தெளிவாகவில்லை.

அம்மாவோடு ஒரே வேனில் வேலைக்குப் போகிறவள் ஆவுடைத்தாய். நான் சித்தி என்பேன். அவள் புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே இருந்துவிட்டான். மகள் பாண்டிலட்சுமி எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரத்தில் உள்ள பள்ளியில் பன்னிரண்டாவது படிக்கிறாள். அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளை இடித்து குடோன் கட்டப் போகிறார்கள். மற்ற எல்லோரும் காலி செய்துவிட்டார்கள். சித்தி போய்க் கேட்ட வீடுகளில் முதலில் 'புருஷன் எங்கே' என்றார்கள். பிறகு 'கம்பெனியா' என்றார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள், யாரும் அனுப்பவில்லை. ஆனிக்குள் வீடு கிடைக்காவிட்டால் மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்கே போய்விட வேண்டியதுதான். அங்கிருந்து இந்தப் பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். பரீட்சை வருஷத்தில் பிள்ளை படிப்பு நின்றுபோகும் என்று வேனில் தினமும் அழுகை என்றாள் அம்மா.

"அவளைக் கூப்பிட்டு வீட்டைக் காட்டு."

"வீட்டுக்காரம்மா கம்பெனி ஆள் வேண்டாம்னு சொன்னாகம்மா."

"காட்டுறதுக்கு என்ன? பாத்தா வீடு தேஞ்சா போவும்?"

நான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். காட்டிவிட்டு இல்லை என்று சொல்வது காட்டாமல் இருப்பதைவிடக் கொடுமை என்று ஒரு நாள் தோன்றும். நானும் 'சொல்லி அனுப்புகிறோம்' என்கிற ஆட்களில் ஒருத்தி ஆகிவிட்டேன் என்று மறுநாள் தோன்றும். கடைசி வாரம் வந்த பிறகுதான் வரச் சொன்னேன், அதுவும் நகராட்சித் தண்ணி வருகிற நாளாகப் பார்த்து. எங்கள் ஊரில் வீட்டின் தரத்தைச் சொல்வது குழாய்தான். எங்கள் குழாயில் தண்ணி நின்று நிதானமாக, விரல் பருமனுக்கு வரும். அதைச் சித்தி கண்ணால் பார்க்கட்டும் என்று கணக்குப் போட்டேன்.

சிவகாசியில் வீடு வைத்திருக்கிற எல்லோரும் அதே கணக்கைத்தான் போடுவார்கள் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை வேன் தெருமுனையில் நின்றது. அம்மாவும் சித்தியும் இறங்கி வந்தார்கள். சித்தி கம்பெனித் தொட்டியில் முகம் கழுவியிருந்தாள். காது மடலில் மட்டும் வெள்ளி மினுங்கியது.

"ஏ புள்ள, சேலை மாத்திட்டு வாறேன்னேன். உங்க அம்மா விடல."

"வெளிச்சம் இருக்கும்போதே பாத்துருங்க சித்தி."

அவள் செருப்பைத் தெருவிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வந்தாள். கூடத்தை ஒரு பார்வைதான் பார்த்தாள். குழாயடிக்குப் போய்க் குடத்தை வைத்துத் திறந்தாள். தண்ணி விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள். ஜன்னலோரம் வந்து, "இங்கன மேசை போட்டா அவ படிக்க வெளிச்சம் போதும்ல?" என்று என்னிடம் கேட்டாள்.

அப்போது வாசலில் கார் நின்றது.

வீட்டுக்காரம்மா முன்கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். பின்னாலேயே ஒரு இளம் தம்பதி. ஹரிஷ்குமார், வங்கி வேலை, சாத்தூரிலிருந்து சிவகாசிக்கு மாற்றலாகி வந்திருக்கிறார்.

"தண்ணி வர்ற நாளாச்சே, நானே கூட்டிட்டு வந்து காட்டிருவோம்னு வந்தேன்," என்றார் வீட்டுக்காரம்மா. "வேலுத்தாயி, நல்லா இருக்கீகளா?"

"வாங்கம்மா, இருங்க," என்று அம்மா நாற்காலி மேல் இருந்த மூட்டையை இறக்கினாள்.

தம்பதி அறைகளைப் பார்த்தார்கள். ஏசி எங்கே மாட்டலாம் என்று பேசிக்கொண்டார்கள். குழாயைப் பார்த்து அந்தப் பெண்ணுக்கு முகம் மலர்ந்துவிட்டது. வீட்டுக்காரம்மாவின் பார்வை மட்டும் கூடத்து மூலைக்குப் போனது.

"இது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் சித்தி கீழே உட்கார்ந்து, பாதி நிரம்பிய பாத்திரச் சாக்கின் வாயைக் கயிற்றால் இறுக்கிக் கட்ட ஆரம்பித்தாள். உதவிக்கு வந்தவள்போல. என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தாள். 'மூட்டை கட்ட வந்திருக்காக' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும். அந்த வார்த்தை என் தொண்டை வரை வந்தது உண்மை.

"வீடு பாக்க வந்திருக்காகம்மா," என்றேன். "ஆவுடைத்தாய் சித்தி. அம்மாவோட கம்பெனியில வேலை பாக்காக."

சித்தியின் கை கயிற்றில் அப்படியே நின்றது.

வீட்டுக்காரம்மா என்னைப் பார்க்கவில்லை. சித்தியைப் பார்த்துக் கேட்டார். "எந்த ஊரு?"

"ஆலங்குளத்துக்குப் பக்கம்மா."

"பக்கம்னா எங்கன?"

அந்தக் கேள்வி எதற்கு என்று கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். சித்தி எழுந்து நின்றாள்.

"கீளத்தெரும்மா. எங்க அப்பா சுடலை உங்களை மாதிரி ஆளுக புஞ்சையிலதான் வேலை பாத்தாரு. நான் கம்பெனிக்குப் போறேன். புருசன் கூட இல்ல. மக பன்னெண்டாவது படிக்கா. நீங்க கேக்குறதுக்கு முன்னால நானே சொல்லிட்டேன்."

குடம் நிரம்பி வழியும் சத்தம் கேட்டது. சித்தியே போய்க் குழாயை அடைத்துவிட்டு வந்தாள்.

வீட்டுக்காரம்மா இப்போது என்னிடம் திரும்பினார். "நான் உன்கிட்ட என்ன சொன்னேன் மாரிசெல்வி?"

"கம்பெனி ஆளுக வேண்டாம்னு சொன்னீகம்மா. நாங்க வேறன்னும் சொன்னீக." என் குரல் எனக்கே கேட்கவில்லை. கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். "நாங்க வேற இல்லம்மா. எங்க அம்மாவும் கம்பெனி ஆளுதான். அந்தா ஜன்னலுக்குக் கீள மினுங்குது பாருங்க, அது அம்மா சாஞ்சு உக்காந்த இடம். இத்தனை வருசத்துல உங்க வீட்டுக்கு நாங்க வச்ச கறை அம்புட்டுதான்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சொல்ல வேண்டியதை வரிசையாகச் சொல்லி முடிக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

"பாத்தவங்க எல்லாரும் ஆவணிங்காகம்மா. சார், நீங்க?"

ஹரிஷ்குமார் மனைவியைப் பார்த்தார். "நாங்களும் ஆவணிதான். ஆடியில அம்மா விட மாட்டாங்க."

"ஞாயித்துக்கிளமை நாங்க விளக்கை எடுத்துட்டுக் கிளம்புறோம். அன்னைக்கே சித்தி விளக்கோட வந்துருவாக. ஒரு சாயங்காலம்கூட வீடு இருட்டாக் கிடக்காதும்மா."

சொல்லி முடித்ததும் வழியில் இருந்த அட்டைப் பெட்டியைச் சுவரோரம் தள்ளினேன்.

ஹரிஷ்குமாரின் மனைவி சித்தியிடம், "பொண்ணு என்ன குரூப்?" என்று கேட்டார்.

"கணக்கும் பயாலஜியும்."

"அடேயப்பா, நல்லாப் படிக்கணும்," என்றார் அவர். அந்த நேரத்தில் அது பெரிய ஆறுதலாக இருந்தது.

வீட்டுக்காரம்மா அம்மா கொடுத்த காபியைக் குடித்தார். எழுந்து போய், அந்தச் சுவருக்கு முன்னால் சற்று நின்றார். தொடவில்லை. "வாறேன் வேலுத்தாயி," என்று காரில் ஏறிவிட்டார்.

கார் திரும்பியதும் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"டேலி படிக்கப் போனவ வாய் படிச்சிட்டு வந்திருக்கா."

சித்தி சாக்கின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "போனாப் போகுது. நான் எதுக்குக் கிறுக்கி மாதிரி இந்தச் சாக்கைக் கட்டுனேன்? என் பொருளா இது?" என்றாள். முதலில் அவள்தான் சிரித்தாள். பிறகு அம்மா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு குடும்பத்துக்குக் கிடைத்திருக்கக்கூடிய வீட்டை என் அவசரத்தால் கெடுத்துவிட்டேனோ என்று இருந்தது. நான்கு பேர் முன்னால் அந்தத் தெருப் பேரைச் சித்தி சொல்ல வேண்டி வந்ததும் என்னால்தான். அன்று வகுப்புக்குப் போகவில்லை. போயிருந்தாலும் ஒன்றும் ஏறியிருக்காது.

மறுநாள் மதியம் அச்சகத்தில் இருந்தபோது வீட்டுக்காரம்மா கூப்பிட்டார்.

"அந்தப் பொம்பளை நம்பர் இருக்கா?"

"இருக்கும்மா. நான் பேசட்டுமா?"

"நீ எதுக்கு? என் வீட்டுக்கு வர்றவகிட்ட நான்தான் பேசணும். நம்பரை மட்டும் அனுப்பு." பிறகு கேட்டார். "அம்புட்டுப் பேர் முன்னால என்னைய மடக்கிட்டல்ல?"

"ஐயோ, இல்லம்மா."

"மடக்கிட்ட. உங்க அப்பன் முனியராஜ் எங்க அச்சகத்துல எம்புட்டு வருசம் மிசின் ஓட்டுனான். ஒரு நாள் வாயைத் திறந்ததில்ல. நீ அவன் மகதானா?"

"அவர் மகதான்மா."

"சுவருக்கு நான் சுண்ணாம்பு அடிச்சுத் தர மாட்டேன். அவகிட்டயும் சொல்லிருவேன். வர்றவளும் அதே கறையைத்தான் வைக்கப் போறா." போனை வைத்துவிட்டார்.

அவர் மனம் மாறிவிட்டது என்று நான் எழுதிவைக்கவில்லை. ஆடி வருகிறது என்பதற்காக மட்டும் கொடுத்திருக்கலாம். அன்று மாலை வேன் வந்தபோது சித்தி எங்கள் நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டாள். தெருவில் வைத்தே என் இரண்டு கன்னத்தையும் பிடித்து முகத்தை ஆட்டினாள். வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் பார்த்தபோது என் கன்னமும் மினுங்கியது. துடைக்காமல் வகுப்புக்குப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்த பெண், கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு வருகிறாயா என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே சித்தியின் சாமான்கள் கம்பெனி வேனில் வந்தன. டிரைவர் பாண்டிமுருகன் போர்மேனிடம் கேட்டு ஓட்டிவந்திருந்தார். சீசன் நேரத்தில் அந்த வேனுக்கு ஞாயிறு கிடைப்பதே பெரிது. பாண்டிலட்சுமி பாடப் புத்தகப் பையை யாரிடமும் கொடுக்காமல் தானே சுமந்து வந்து ஜன்னலடியில் வைத்தாள். எங்கள் சாமான்களும் அதே வேனில் ஏறின. அம்மா விளக்கோடு படியிறங்கவும் சித்தி உப்பும் விளக்குமாக ஏறவும் சரியாக இருந்தது. இருவரும் வாசலில் ஒரு கணம் நின்றார்கள். யார் யாருக்கு வழிவிடுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. பாண்டிமுருகன் ஹாரன் அடித்த பிறகுதான் நகர்ந்தார்கள்.

அன்று எங்கள் புது வீட்டில் பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது. அம்மா அதற்கும் சந்தோஷப்பட்டாள்.

திங்கட்கிழமை மாலை வகுப்புக்கு நடந்து போய்க்கொண்டிருந்தேன். கம்பெனி வேன் என் பக்கத்தில் வந்து மெதுவாக நின்றது. எல்லா ஜன்னலிலும் தலைகள்.

"ஏ வீட்டு புரோக்கரு! எனக்கும் ஒண்ணு பாரு, மாடி வீடா இருக்கட்டும்!"

"எனக்கு மாமியாரு ஏற முடியாத மாடி!"

"ஏளா, அவளுக்கு வீடு பாக்காத. புருசனைத் தேடிக் கண்டுபிடிச்சுக் கொடு, வீடு தானா வரும்!"

வேனே குலுங்கிச் சிரித்தது. சித்தி பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்துக் கையசைத்தாள். நான் ஓரமாக நின்றேன். அம்மா முன் ஜன்னலில் உட்கார்ந்து, என்னை யாரோ என்பதுபோல நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை பேருக்கும் கதையைச் சொல்லி வைத்தது அவளாகத்தான் இருக்க வேண்டும்.

"போதும் விடுங்க," என்றாள் வேனுக்குள் எல்லோருக்கும் கேட்கும்படி. "அவளுக்கு வகுப்புக்கு நேரமாச்சு. வீடு வேணும்கிறவக என்கிட்ட பேரைக் கொடுங்க."